தண்ணீரை மறிக்கும் மாதம்

பேரி மரத்துக்குத் தண்ணீர் விடுவது ஒரு வாரத்தில் யாருக்கும் கைவந்துவிடும். கால்வாயில் தண்ணீர் தளும்பி ஓடும்போது, பம்பும் நல்ல நிலையில் இருக்கும்போது, நவம்பர் வெயில் நாளுக்கு நாள் ஏறும்போது, அதை விடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குத்தான் வருஷக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஷெப்பர்ட்டனுக்கும் டட்டூராவுக்கும் நடுவே ஒரு பழத்தோட்டத்தில் பாசனப் பொறுப்பு என்னுடையது. ஊரில் கேட்பவர்களிடம் "டிரிப் பார்க்கிற வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழாய் பதிப்பது, அடைப்பு எடுப்பது என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுப்பது எந்த வால்வை என்றைக்கு மூடுவது, என்றைக்குத் திறப்பது என்று முடிவெடுப்பதற்கு.

தொழில் பழகியது கம்பம் பள்ளத்தாக்கில். உத்தமபாளையம் பக்கம் சொட்டுநீர்ச் சாமான் விற்கும் ஒருவரிடம் வேலை பார்த்தேன். பன்னீர் திராட்சைப் பந்தல்களுக்கு சப்மெயின் புதைத்து, லேட்டரல் இழுத்து, டிரிப்பர் குத்தி, கடைசிச் செடி வரை தண்ணீர் சொட்டுகிறதா என்று நடந்து பார்ப்பதுதான் அன்றாடம். வயதான விவசாயிகள் வரப்பில் நின்று பார்ப்பார்கள். "ஏம்ப்பா, மண்ணே நனையலயே, இதை வச்சு எப்படிக் கொடி பொழைக்கும்?" என்பார்கள். "மண்ணுக்கா தண்ணி விடுறீங்க ஐயா, கொடிக்குத்தானே" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பதிலை நாங்களும் சொல்வோம். சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு முக்கால் மானியம் என்பதால் குழாய் போட்டுக்கொள்வார்கள். பிறகு மனசு கேட்காமல் பக்கத்து வாய்க்காலையும் ஒரு மடை திறந்துவிடுவார்கள். தண்ணீரைக் கண்ணால் பார்த்தால்தான் விவசாயிக்கு நிம்மதி. அந்த நிம்மதியோடு மல்லுக்கட்டுவதே டிரிப்காரனின் வேலை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

பேரிக்காயைப் பொறுத்தவரை அப்போது எனக்குத் தெரிந்தது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கூடையில் வருவதுதான். கொடைக்கானல் மலையில் படிக்கட்டு நிலங்களிலும் வீட்டுப் பின்புறங்களிலும் நிற்கிற மரங்கள். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மலை அது. அந்த மரத்துக்குப் போய் யாரும் தண்ணீர் கட்டியதாக நான் கண்டதில்லை. காயும் அதற்கேற்றபடி கல் மாதிரி இருக்கும். கடித்தால் பல்லில் மணல் நெறிபடும். உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுத் தின்றால் நன்றாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு பாசனத் திட்டம், அட்டவணை, கருவி என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கோல்பர்ன் பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. ஆஸ்திரேலியாவில் விளையும் பேரியில் பெரும்பங்கு இந்த ஒரு வட்டாரத்திலிருந்துதான் போகிறது. வருஷத்து மழை 500 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதிலும் காய் பருக்கிற கோடையில் வானம் கைவிரித்துவிடும். ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலைச் சாரலில் பெய்வதை எய்ல்டன் அணையில் பிடித்து, 1891-இல் கட்டி முடித்த கோல்பர்ன் தடுப்பணையில் திருப்பி, கால்வாய் கால்வாயாகக் கொண்டுவந்துதான் தோட்டம் நடக்கிறது. மேல்மண் செம்மண் கலந்த வண்டல். தோண்டினால் ஓர் அடியிலேயே களி தட்டும். தண்ணீர் அதில் எளிதாக இறங்காது, இறங்கினால் எளிதாக வெளியேறாது. 1970-களின் மழை வருஷங்களில் நிலத்தடி நீர் ஏறி, வேர் அழுகி, இந்தப் பகுதியில் பீச் மரங்கள் ஏராளமாகச் செத்தன. பேரி தாங்கிக்கொண்டது. கால் ஊறினாலும் பிழைத்துக்கிடக்கிற மரம் அது. அந்தத் தாங்கும் குணமே, அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் தண்ணீர் விடலாம் என்ற பழக்கத்தையும் வளர்த்துவிட்டது.

எங்கள் முதலாளி அல்பேனியக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. அவருடைய பாட்டனார் காலத்து மரங்கள் இன்னும் ஒரு மூலையில் நிற்கின்றன. அகன்ற இடைவெளி, கிண்ணம்போல விரித்துவிட்ட கிளைகள். அந்தக் காலத்தில் பாத்திகட்டி வெள்ளமாக விடுவார்கள். டெத்ரிட்ஜ் சக்கரம் என்று ஒன்று உண்டு. 1910-இல் ஜான் டெத்ரிட்ஜ் என்ற பாசன அதிகாரி கண்டுபிடித்த இரும்புச் சக்கரம். கால்வாயிலிருந்து தோட்டத்துக்குள் போகும் தண்ணீர் அதைச் சுற்றிவிட்டுப் போகும். எத்தனை சுற்று என்று எண்ணிக் கணக்குப் போடுவார்கள். இப்போது தானியங்கி மதகுகள் வந்துவிட்டன, பழைய சக்கரங்கள் வீட்டு வாசல்களில் அலங்காரத்துக்கு நிற்கின்றன. இந்த மாற்றம் டிரிப்புக்கு ரொம்ப முக்கியம். முறைவைத்து எட்டு நாளுக்கு, பத்து நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு சொட்டுநீர் நடத்த முடியாது. அதற்கு நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். அதனால்தான் டிரிப்புக்கு மாறியவர்கள் முதலில் தோட்டத்துக்குள் ஒரு குட்டை வெட்டினார்கள்.

காய் எப்படி வளர்கிறது என்று சொல்லாமல் மேலே போக முடியாது. இங்கே பருவம் தலைகீழ். வில்லியம்ஸ் ரகம் செப்டம்பர் கடைசியில் பூக்கும், ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ பறிப்பு. பூ உதிர்ந்த பிறகு ஆறேழு வாரம் காய்க்குள் செல்கள் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும். எண்ணிக்கைதான் கூடும், உருவம் அவ்வளவாகத் தெரியாது. டிசம்பர் பிறக்கும்போதும் காய் நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தச் செல்கள் தண்ணீரை வாங்கி விரியத் தொடங்கும். பழுத்த பேரியில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர்தானே. பறிக்கிற நாளில் காயில் இருக்கிற எடையில் பெரும்பகுதி கடைசி இரண்டு மாதத்தில் வந்தது.

ஆனால் மரம் டிசம்பர் வரை சும்மா இருப்பதில்லை. காய் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும் அதே அக்டோபர், நவம்பரில் தளிர்கள் வெறிபிடித்தது போல வளரும். இங்கே பெரும்பாலான பேரி, டி6 என்ற வேர்ச்செடியில் ஒட்டியது. களிமண்ணையும் ஈரத்தையும் தாங்கும். கூடவே மரத்தை முரட்டுத்தனமாக வளர்க்கும். ஒரே பந்தியில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவன் அவசரமாக வாரித் தின்பதைப் போல, தண்ணீர், உரம், வெயில் எல்லாவற்றையும் தளிர் முதலில் அள்ளிக்கொள்ளும். ஆள் உயரத்துக்கு நேராக எழும்பிய குச்சிகள் உள்கிளைகளில் நிழலை விழவைக்கும். அடுத்த வருஷத்துப் பூமொட்டு குட்டைக் குச்சிகளில் உருவாகிற காலமும் இந்தக் கோடைதான். நிழலில் இருக்கிற குச்சி இலையோடு நின்றுவிடும், பூக்காது. ஆக, நவம்பரில் தாராளமாக விடுகிற தண்ணீர் இந்த வருஷத்துக் காய்க்குப் பெரிதாக உதவுவதில்லை, அடுத்த வருஷத்துக் காயையும் கெடுக்கிறது. குளிர்காலத்தில் அந்தக் குச்சிகளை வெட்ட ஆள்கூலி வேறு.

இதைக் கண்டு சொன்னவர்கள் எங்களுக்குப் பக்கத்தில், டட்டூரா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர்கள். சால்மர்ஸ், மிச்சல், வான் ஹீக் மூவரும் 1981-இல் பீச் மரத்தில் செய்த சோதனைகளை வெளியிட்டார்கள். 1984-இல் மிச்சல், ஜெரி, சால்மர்ஸ் பேரிக்கும் அதைச் செய்து காட்டினார்கள். காய் மெதுவாக வளரும் காலத்தில் தண்ணீரைக் குறைத்து, வேகமாகப் பருக்கும் காலத்தில் முழுசாகக் கொடுத்தார்கள். தளிர் அடங்கியது. மறு வருஷம் பூ கூடியது. காய் சிறுக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில், தண்ணீர் திரும்பி வந்ததும் அது விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது. சில மரங்களில் முழுத் தண்ணீர் குடித்த காயைவிடவும் வேகமாகப் பருத்தது. வறட்சியான நாட்களில் காய் தனக்குள் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது, ஈரம் கிடைத்தவுடன் அந்தச் செறிவு தண்ணீரை வலுவாக இழுக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

இதை இன்றைக்கு எல்லோரும் தண்ணீரை மிச்சம்பிடிக்கும் உத்தியாகப் பேசுகிறார்கள். அன்று அவர்களுக்கு இருந்த தலைவலி வேறு. மரங்களை நெருக்கி நட்டு, 'வி' வடிவத்தில் கம்பியில் சாய்த்துக் கட்டும் டட்டூரா பந்தல்முறை அப்போதுதான் வந்திருந்தது. நெருக்கி நட்ட மரம் முரட்டுத்தனமாக வளர்ந்தால் மூன்றாம் வருஷமே தோட்டம் காடாகிவிடும். மரத்தை அடக்க ஒரு வழி தேடினார்கள். அகப்பட்டது தண்ணீர் வால்வு.

வெள்ளப் பாசனத்தில் இந்த வித்தை செல்லாது. அங்கே வேர் எங்கெங்கோ ஓடியிருக்கும். நிறுத்தினாலும் மரத்துக்கு உறைக்க வாரக்கணக்கில் ஆகும். திரும்ப விட்டால் களியில் தேங்கி வேரை மூச்சுமுட்ட வைக்கும். டிரிப் போட்ட நெருக்கமான வரிசையில் வேர்களில் பெரும்பாலானவை குழாயை ஒட்டிய ஈரப் பட்டையிலேயே குடியிருக்கும். மூடினால் சில நாட்களில் மரத்துக்குத் தெரியும். திறந்தால் சில நாட்களில் தெளியும். கம்பத்தில் டிரிப்பின் குறையாகச் சொன்ன அதே விஷயம்தான் இது. மண் முழுக்க நனையாததால்தான் இங்கே மரம் நம் கைக்குள் இருக்கிறது.

எங்கள் வரிசை இடைவெளி நாலரை மீட்டர். வரிசைக்கு ஒரு குழாய், அரை மீட்டருக்கு ஒரு டிரிப்பர், ஒவ்வொன்றும் மணிக்கு 2 லிட்டர். நிலப்பரப்புக்கு வகுத்தால் மணிக்கு 0.9 மில்லிமீட்டருக்கும் ஒரு நூல் குறைவான மழை. ஜனவரியில் ஒரு வெயில் நாள் 8 மில்லிமீட்டர் உறிஞ்சினால் அதை ஈடுகட்ட ஒன்பது மணி நேரம் ஓட்ட வேண்டும். நவம்பரில் அன்றாட ஆவியாதலைப் பார்த்து அதில் கால் பங்கோ, கொஞ்சம் கூடவோதான் கொடுப்பேன். மழை பெய்தால் அதுவும் இல்லை. சில வருஷம் வசந்த மழை விடாமல் பெய்து மண் நிறைந்து கிடக்கும். அப்போது நான் வால்வை மூடினாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். மரம் தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டு போகும், பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எவ்வளவு காயப்போடுவது என்பதற்கு மண்ணில் கருவி புதைத்திருக்கிறோம். டென்சியோமீட்டர் இதற்கு உதவாது. 80 கிலோபாஸ்கலைச் சுற்றிக் காற்று புகுந்து கையை விரித்துவிடும். ஜிப்சம் கட்டை மேலும் உலர்ந்த மண்ணிலும் கணக்குச் சொல்லும். வேர் மிகுந்த ஆழத்தில் 200 கிலோபாஸ்கல் வரை போகவிட்டு, பிறகு ஒரு நனைப்பு என்பது இங்கே புழங்கும் கணக்கு. எனக்கு அந்த எண்ணைவிடத் தளிர் நுனிமேல்தான் நம்பிக்கை. வளர்கிற தளிரின் நுனியில் இளம்பச்சையாக இரண்டு மூன்று இலை சுருண்டு நிற்கும். அந்த வெளிர்நிறம் மறைந்து, நுனி மொட்டுக்கட்டி அடங்கினால் மரம் செய்தியைப் புரிந்துகொண்டது என்று அர்த்தம். அதற்கு மேலும் வாட்டினால் இலை நடுநரம்போடு மடங்கித் தொங்கும். அந்தக் கட்டத்துக்குப் போகவிடக் கூடாது. பிற்பகல் தொங்கினாலும் மறுநாள் காலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

எங்களோடு கிளிநொச்சிப் பையன் ஒருவன் வேலை பார்க்கிறான். அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்தவர். வந்த முதல் நவம்பரில் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணை, இலையெல்லாம் தொங்குது. ஏன் தண்ணி விடேல்லை?"

"இன்னும் நாலு நாள் போகட்டும் தம்பி."

"குட்டை நிறையத் தண்ணி கிடக்குது. எங்கட ஊரில இப்பிடிப் பூட்டி வச்சிருந்தா சனம் திரண்டு வந்திருக்கும்."

அவனிடம் ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொடுத்தேன். வரிசைக்குச் சில மரம் தேர்ந்து, மரத்துக்குச் சில காயில் நாடா கட்டி, வாரம் ஒருமுறை விட்டம் அளந்து எழுதச் சொன்னேன். காலை ஏழு மணிக்குள் அளந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் இலை தன் தேவைக்குக் காயிலிருந்தே தண்ணீரை இழுக்கும். காய் மதியத்தில் லேசாகச் சுருங்கி, இரவில் மறுபடி நிரம்பும். ஒரு வாரம் காலையிலும் மறுவாரம் மாலையிலும் அளந்தால் காய் வளரவே இல்லை என்று கணக்கு சொல்லும். நவம்பர் முழுக்க அவன் ஏட்டில், தண்ணீர் குறைத்த வரிசைக்கும் முழுக்க விட்ட சோதனை வரிசைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தளிரில்தான் வித்தியாசம். அதை அளக்கக் காலிப்பர் தேவைப்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. பூ உதிர்ந்த கையோடு வாட்டத் தொடங்கக் கூடாது. செல்கள் பெருகிக்கொண்டிருக்கும் வாரங்களில் கடுமையாகக் காய்ந்தால் காய் பிற்பாடு எவ்வளவு குடித்தாலும் தேறாமல் போகலாம். எங்கள் நிலத்தில் குளிர்கால மழையின் ஈரம் அக்டோபர் கடைசி வரை தாக்குப்பிடிப்பதால் அந்த ஆபத்து தானாகவே விலகுகிறது. மணற்பாங்கான நிலத்தில், தொட்டியில் வளர்க்கும் மரத்தில் இதே நாட்காட்டியை அப்படியே எடுத்துப் போட்டால் விபரீதம்.

திறப்பது இன்னொரு கலை. டிசம்பர் நடுவில், காய் வேகமெடுப்பதற்குச் சற்று முன்பே தொடங்க வேண்டும். மணிக்கு 0.9 மில்லிமீட்டர் என்ற சிறு வாயில் வழியாகக் காய்ந்த களியை ஒரே நாளில் நிரப்ப முடியாது. ஒரேயடியாகப் பதினைந்து மணி நேரம் ஓட்டினால் வெடிப்பு வழியாகக் கீழே ஓடும், மேலே குட்டையாகத் தேங்கும். இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, ஒரு வாரத்தில் பழைய ஈரத்துக்குக் கொண்டுவருவோம். இந்த வாரம் சரியாகக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும். பம்பு மெக்கானிக் கடலோரம் போய்விடுவார், சாமான் கடை பூட்டியிருக்கும், முதலாளி வீட்டில் விருந்து. எனவே மோட்டார் பேரிங், வால்வு சுருள், வடிகட்டி எல்லாம் டிசம்பர் முதல் வாரமே பார்த்துவிட வேண்டும்.

ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் வரிசையாக வரும். அப்போது டிரிப்பில் மன்னிப்பே கிடையாது. வெள்ளப் பாசனத்து மரத்துக்கு மண்ணில் ஒரு வாரத்துச் சேமிப்பு இருக்கும். டிரிப் மரத்துக்கு அன்றாடங்காய்ச்சி வாழ்க்கை. பம்பு ஒரு நாள் நின்றால் மறுநாள் காலிப்பரில் தெரிந்துவிடும். பறிப்புக்கு முந்தைய வாரங்களில் வில்லியம்ஸ் காய் வாரத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் பருக்கும். 3 மில்லிமீட்டர் என்ன பெரிது என்று தோன்றும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள காய் 63 ஆனால் கன அளவு பதினைந்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. அது எடை, தரம், விலை. அந்த வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தவறினால் இழப்பது அந்த எடைதான். நவம்பரில் விட்டுக்கொடுத்ததைக் காய் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஜனவரிக் கடைசியில் இழந்ததை எடுக்க அதற்கு நாள் இல்லை.

திராட்சைக்காரனுக்கு இங்கேதான் கை நடுங்கும். கம்பத்தில் அறுப்புக்குச் சில நாள் முன்பு தண்ணீரை நிறுத்துவது வழக்கம். இனிப்பு கூடும், பழம் வெடிக்காது, வண்டியில் தாங்கும். பேரியில் கத்தரி வைக்கிற நாள் வரை முழுத் தண்ணீர். இதை மரத்திலேயே பழுக்கவிடுவதில்லை. அழுத்தமானியில் 8 கிலோவைச் சுற்றிக் காட்டுகிற இறுக்கத்தில் பறித்து, குளிர்பதனத்தில் வைத்து, பிறகு பழுக்கவைப்பார்கள். மரத்தில் பழுத்தால் நடுப்பகுதி வெளியே தெரியாமல் அழுகிக் குழைந்துவிடும். ஆகவே நாம் பறிப்பது வளர்ந்துகொண்டிருக்கும் காயைத்தான். அதற்குத் தாகம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில்.

இதில் ஒரு சிக்கல். பேரிக்கு அயல் மகரந்தம் வேண்டும் என்பதால் வில்லியம்ஸ் நடுவில் பேக்கம்ஸ் டிரையம்ஃப் வரிசைகளைக் கலந்து நடுவார்கள். நியூ சவுத் வேல்ஸில் பேக்கம் என்ற தோட்டக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய ரகம் அது, வில்லியம்ஸின் வழிவந்தது. அதன் பறிப்பு சில வாரம் பிந்தி வரும். பல தோட்டங்களில் இரண்டுக்கும் ஒரே வால்வு. குழாய் பதித்தவர்கள் பறிப்பைப் பற்றி யோசிக்கவில்லை. வில்லியம்ஸைப் பறிக்க ஏணியும் தொட்டியும் டிராக்டரும் வரிசைக்குள் ஓடும் நாட்களில், பக்கத்து வரிசைப் பேக்கம் முழுத் தண்ணீர் கேட்டு நிற்கும். இரவில் ஓட்டிச் சமாளிக்கிறோம். புதிதாகக் குழாய் பதிக்கிறவர்கள் ரகத்துக்கு ஒரு வால்வு வைத்துவிடுங்கள். அந்தச் செலவு இரண்டே பருவத்தில் திரும்பிவிடும்.

காய் உதிர்ப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கொத்தில் நாலு காயை விட்டுவைத்து, டிரிப்பால் பெரிதாக்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் அதைச் செய்யாது. ஒன்று, இரண்டு என்று கையால் குறைத்தால்தான் கொடுத்த தண்ணீர் காயில் தெரியும்.

எல்லா மரத்துக்கும் இந்த மூடல் கிடையாது. பாட்டனார் காலத்து மரங்களில் சில வரிசைகளுக்கு முதலாளியின் அப்பா ஒற்றை டிரிப் போட்டுப் பார்த்தாராம். வெள்ளத்துக்குப் பழகி நாலாபுறமும் ஓடிய வேர், ஒரு கோடு ஈரத்துக்குத் திரும்ப வருஷங்கள் பிடித்தது. அதுவரை காய் சிறுத்தே வந்தது. இப்போது அங்கே சிறு தெளிப்பான்தான். அது பனிக்கும் உதவுகிறது. பூக்கும் காலத்தில் உறைபனி விழுந்தால் தெளிப்பானை ஓட்டி மொட்டைக் காப்பாற்றலாம்; டிரிப்பால் அது முடியாது. வரிசைக்கு இடையே மண் காய்ந்து கிடந்தால் குளிரின் கடுமையும் கூடும். டிரிப் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, நானும் கம்பத்தில் சாமான் விற்ற காலத்தில் விற்பனைக்கு உதவாததைச் சொன்னவன் இல்லை. சீமைமாதுளை வேர்ச்செடியில் ஒட்டிய புதிய சிவப்புப் பேரித் தோட்டம் ஒன்று இருக்கிறது. அது குட்டை மரம், வேரும் மேலோட்டம். அடக்க வேண்டிய திமிர் அதற்குக் கிடையாது. அங்கே இரட்டைக் குழாய், நவம்பரிலும் குறைவில்லாத தண்ணீர். "ஒரே ரூல்தானே, எல்லாத்துக்கும் மூடேன்" என்று முதலாளி கேட்டார். தளிரைக் காட்டினேன். ஒரு சாண் கூட வளர்ந்திருக்கவில்லை. விட்டுவிட்டார்.

அவரிடம் பேசுவது எளிது, காரணம் அவர் பஞ்சத்தைப் பார்த்தவர். 1997-இலிருந்து 2009 வரை நீண்ட வறட்சியில் 2006-07 பாசன ஆண்டில் கோல்பர்ன் முறைமையில் உரிமைநீரில் 29 சதவீதம்தான் கிடைத்தது. பீச்சுக்கு விடுவதா, பேரிக்கு விடுவதா, மாட்டுப் பண்ணைக்காரனிடம் விலைக்கு வாங்குவதா என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்ட காலம். தண்ணீரை எந்த வாரம் குறைத்தால் காய் பொறுக்கும் என்று டட்டூராக்காரர்கள் எழுதிவைத்திருந்தது அப்போதுதான் பலருக்குப் படிக்கத் தோன்றியதாம். அதுவரை வெள்ளமாகவும் தெளிப்பானாகவும் விட்டவர்கள் டிரிப்புக்கு வந்ததும் அந்த வருஷங்களில்தான் அதிகம்.

அன்றாட எரிச்சல்களுக்கும் குறைவில்லை. கால்வாய்த் தண்ணீரில் களி, பாசி, நத்தைக் குஞ்சு எல்லாம் வரும். மணல் வடிகட்டியைப் பின்னோட்டமாக அலசிக்கொண்டே இருக்க வேண்டும். டிரிப்பர் வாய் அடைந்தால் அந்த ஓர் இடத்து மரம் மட்டும் ஜனவரியில் சிறுத்த காயோடு நிற்கும். வரிசை சராசரியில் அது தெரியாது, நடந்து பார்த்தால்தான் தெரியும். கம்பத்தில் குழாயைக் கடித்தது அணில். இங்கே காக்கட்டூ கிளி. கூட்டமாக வந்து, தாகம்கூட இல்லாமல், பொழுதுபோக்குக்குக் கடித்துவைத்துவிட்டுப் போகும் ஜாதி.

பறிப்பு முடிந்ததும் பலர் பம்பை மறந்துவிடுகிறார்கள். மரத்துக்கு இலை இருக்கிறது. ஏப்ரல் வரை அது உணவு செய்து வேரிலும் கட்டையிலும் சேர்க்கும்; செப்டம்பரில் பூ திறப்பது அந்தச் சேமிப்பில்தான். உச்சத்தில் கொடுத்ததில் பாதிக்கும் குறைவாக, ஆனால் விடாமல் ஓட்டுகிறேன். இலை மஞ்சளித்ததும் கடைசி வேலை. ஒவ்வொரு லேட்டரலின் கோடியையும் திறந்து, குளோரின் கலந்த தண்ணீரை ஓட்டி, காப்பி நிறத்தில் வரும் கசடு தெளியும் வரை அலசுவது. கிளிநொச்சிப் பையன் இப்போது அதைத் தனியாகவே செய்கிறான். அவனிடம் ஒரே ஒரு கெடு மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன்: கால்வாயை மே 15-இல் மூடிவிடுவார்கள், ஆகஸ்ட் 15 வரை அலசுவதற்குக்கூடத் தண்ணீர் வராது.